வெண்கலத்துக்குக் கடற்கரை, வியர்வைக்குக் கண்ணகி நகர்!



பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் போதும், எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கிளாம்பாக்கத்திலும் வந்து இறங்குகிறார்கள், பட்டணம் பார்க்க. தோளிலே பிள்ளை, கையிலே கட்டுச்சோறு, கண்ணிலே ஆவல்! நாலு நாள் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறவனைத் திண்ணையில் இருக்கும் பெரியவர் கேட்கிறார்: "என்னப்பா பார்த்தே பட்டணத்திலே?" "கடற்கரை பார்த்தேன் தாத்தா, சமாதி பார்த்தேன், சிலையெல்லாம் பார்த்தேன்" என்கிறான்.

சிலையெல்லாம் பார்த்தேன் என்கிறானே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். ஒரு நகரம் தன் வீதியிலே எவனைச் சிலையாக நிறுத்துகிறது, தன் சுவரிலே எவன் முகத்தை எழுதுகிறது, அந்தச் சிலையடியிலே, அந்தச் சுவரோரத்திலே எவனை நிற்க விடுகிறது? சிற்பியும் ஓவியனும் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ளும் சங்கதியா இது? ஆலைத் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுகிறவனும் பேசவேண்டிய அரசியல் அய்யா, அரசியல்!

அந்தக் காலத்தில் பட்டணம் பார்க்க வந்தவனுக்கு இரண்டு 'காலேஜ்' தெரியும். ஒன்று உயிர் காலேஜ், மற்றொன்று செத்த காலேஜ். மிருகக்காட்சிச்சாலைக்கு உயிர் காலேஜ் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ் என்றும் எழுதப் படிக்கத் தெரியாதவன் வைத்த பெயர்! பண்டிதர் பத்துப் பேர் கூடி யோசித்தாலும் இத்தனை பொருத்தமாக வைத்திருப்பார்களா? உயிர் காலேஜ் 1985இல் வண்டலூரில் புதிய இடத்தில் திறக்கப்பட்டது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவன் நீல் என்ற வெள்ளைத் தளபதி. 1857 புரட்சியின்போது வடக்கே ஊர் ஊராகத் தூக்குமரம் நட்டவன். அவனுக்கு இங்கே மவுண்ட் ரோட்டிலே சிலை வைத்தார்கள் ஆங்கிலேயர்கள். 1927இல் தொண்டர்கள் கிளம்பினார்கள், அந்தச் சிலையை அகற்றச் சொல்லி. சிறைக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து 1937இல்தான் அது வீதியை விட்டு இறங்கியது. இறங்கிய சிலை எங்கே போயிற்று? செத்த காலேஜுக்கு! அதைவிடப் பொருத்தமான இடம் அகப்பட்டிருக்காது.

அதே ஊர், தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் மன்றோவை இறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவரும் வெள்ளைக்காரர்தான், ஆளுநராக இருந்தவர்தான். 1827இல் சுற்றுப்பயணத்தின்போது வாந்திபேதி கண்டு இறந்தார். சான்ட்ரி என்ற சிற்பி வடித்த அவருடைய சிலை 1839இல் இங்கே நிறுத்தப்பட்டது. சேணம் இல்லாமல், அங்கவடி இல்லாமல் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் அதை விரல் நீட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கொடுமைக்காரன் யார், நிர்வாகி யார் என்று தரம் பிரிக்கத் தெரிந்த ஊர் இது. சிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர் அல்ல. கணக்குப் பார்க்கிற ஊர்.

இனி, உழைப்பாளர் சிலைக்கு வருவோம்.

கடற்கரையின் வடகோடியில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். மேலாடை இல்லை. இடுப்பிலே ஒரு துண்டு. முதுகெலும்பு வில்லாக வளைந்து, கெண்டைக்கால் தசை முறுக்கேறி, மூச்சை அடக்கி நெம்புகிறார்கள். பாறை நகர்ந்ததா, இல்லையா என்று சிற்பி சொல்லவில்லை. 1959 ஜனவரியில், குடியரசு நாளையொட்டி நிறுவப்பட்டது. வடித்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. வங்காளத்தில் பிறந்தவர். 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தவர், 1957 வரைக்கும் இங்கேதான் இருந்தார். மற்போரிலும் பயிற்சி உள்ளவராம். தசைநார் ஒவ்வொன்றும் அவர் கைக்கு அடங்கியதில் ஆச்சரியமில்லை. அந்த நான்கு உருவங்களுக்கும் மாதிரியாக நின்றவர்கள் அரசகுமாரர்கள் அல்லர், பயில்வான்களும் அல்லர். அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் நின்றார்கள் என்று சொல்லப்படுகிறது. இரவெல்லாம் கல்லூரிக்குக் காவல் இருந்தவன், பகலெல்லாம் கடற்கரைக்குக் காவலாக நிற்கிறான், வெண்கலத்தில்!

அரசன் இல்லை, ஆளுநன் இல்லை, ஆண்டவனும் இல்லை. பெயர் தெரியாத நான்கு கூலிகள்! அவர்களைக் கொண்டுவந்து மாநகரத்தின் வாசலிலே நிறுத்தினார்களே, அது சின்னக் காரியம் அல்ல. 1923 மே முதல் நாள் இந்தக் கடற்கரையிலேதான் சிங்காரவேலர் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். இந்த நாட்டில் அந்த நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதல் தடவை. ஆகவே அந்தச் சிலை நிற்பது சொந்த மண்ணில்.

போன மாதம் ஒரு மாலை அந்தச் சிலைக்கு அருகே நின்றுகொண்டிருந்தேன். மெட்ரோ ரயில் வேலைக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் மூன்று பேர், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கொஞ்சம் தமிழ் பேசுகிற ஒருவன் என்னைக் கேட்டான்: "இது யார் அண்ணா? மினிஸ்டரா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீதாம்பா அது" என்றேன். அவன் திரும்பிச் சிலையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பிறகு கூட்டாளிகளிடம் தன் மொழியில் ஏதோ சொன்னான். மூன்று பேரும் சிலையைப் போலவே குனிந்து, இல்லாத பாறையை நெம்பி, இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்கள். வங்காளத்துச் சிற்பி வடித்த சென்னைத் தொழிலாளியிடம் தன் சாயலைக் கண்டுகொண்டான் வடக்கிலிருந்து வந்தவன். பொதுவிடத்துக் கலை என்றால் அதுதான். நுழைவுச்சீட்டு இல்லை, விளக்கப் புத்தகம் இல்லை. கண் இருந்தால் போதும்.

சரி, வெண்கலத் தொழிலாளிக்குக் கடற்கரையில் இடம் கிடைத்தது. இரத்தமும் சதையுமான தொழிலாளிக்கு? அங்கேதான் கதை கசக்கிறது.

1985இல் இதே கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று கிளம்பினார்கள். அழகுக்கு இடைஞ்சலாகப் பட்டது எது? குப்பையா? இல்லை. மீனவர்களின் கட்டுமரமும் வலையும்! தலைமுறை தலைமுறையாக அந்த மணலிலே வலை உலர்த்தியவனைப் பார்த்து, உன் கட்டுமரம் காட்சியைக் கெடுக்கிறது என்றார்கள். அவன் மறுத்தான். துப்பாக்கி வெடித்தது. மீனவர்கள் மாண்டார்கள். உழைப்பாளர் சிலைக்கும் அந்தக் குப்பங்களுக்கும் நடந்து போகும் தூரந்தான்! 2023இல் லூப் சாலையிலே மீன் விற்கும் பெண்களுக்கு அதே பிரச்சினை வந்தது. அப்புறம் அங்கேயே மீன் அங்காடி கட்டி 2024இல் திறந்தார்கள். 1985க்கும் 2024க்கும் இடையே கொஞ்சம் அறிவு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்கள் கதை வேறு. 1970இல் குடிசை மாற்று வாரியம் உண்டானபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு என்பது திட்டம். கடற்கரையோரம் நொச்சிக்குப்பத்தில் அப்படித்தான் கட்டினார்கள். 2000த்தில் வேறு பாதை தொடங்கியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில், நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, சதுப்புநிலத்துப் பக்கத்திலே, வரிசை வரிசையாகக் குடியிருப்பு. இன்று அங்கே 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடி அளவு. மனிதர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். ஆற்றங்கரைக்காரனும் போனான், சாலையோரத்துக்காரனும் போனான், 2004இல் ஆழிப்பேரலையில் வீடிழந்தவனும் போனான்.

எந்த ஆட்சியிலே என்று கேட்காதே, தோழனே! ஓர் ஆட்சியில் தொடங்கியது, மறு ஆட்சியில் வளர்ந்தது, மாறி மாறி வளர்ந்தது. எதிரியின் முதுகைக் காட்டி நம் முதுகை மறைப்பதற்காக நான் இந்த ஏட்டில் எழுதவில்லை.

அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் என்ன? கண்ணகி நகர்!

கண்ணகி யார்? நீதி கேட்டவள். கையிலே சிலம்பு ஏந்தி, அரசவையிலே நின்று, தேரா மன்னனைத் தலைகுனிய வைத்தவள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் வள்ளுவர், அவ்வை, கம்பர், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், போப், கால்டுவெல் இவர்களோடு அவளுக்கும் சிலை எழுந்தது. 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டபோது நாடு கொதித்தது. நாமும் கொதித்தோம். கூட்டம் போட்டோம், கொடி பிடித்தோம், குரல் வற்ற முழங்கினோம். 2006 ஜூன் 3ஆம் நாள் கண்ணகி திரும்பவும் கடற்கரைக்கு வந்தாள். வெற்றி முழக்கமிட்டோம். முழங்கியது சரிதான், தமிழன் மானம் அதிலே இருந்தது.

ஆனால் ஆண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கடற்கரையிலிருந்து ஒரு கண்ணகியை அகற்றியதற்கு நாம் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஆற்றங்கரையிலிருந்து ஆயிரமாயிரம் கண்ணகிகளை மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நம் குரல் அவர்களுக்காக எவ்வளவு உயர்ந்தது? சிலை திரும்பி வந்தது. அவர்கள் திரும்பி வந்தார்களா?

வரவில்லை. அதற்குப் பதிலாக, 2020இல் ஓவியர்கள் அங்கே போனார்கள்!

ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, பெயிண்ட் கம்பெனி ஒன்றின் துணையோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் கண்ணகி நகரின் மாடிக் கட்டடங்களிலே மாபெரும் ஓவியங்களை எழுத ஏற்பாடு செய்தது. உள்நாட்டு ஓவியரும் வந்தார்கள், வெளிநாட்டு ஓவியரும் வந்தார்கள். நாலு மாடி உயரச் சுவர் முழுதும் முகங்கள், கைகள், பறவைகள், வண்ணங்கள்! 'சென்னையின் கலை வட்டாரம்' என்று ஏடுகள் எழுதின. காமிராவும் கையுமாகப் பட்டணத்துப் பிள்ளைகள் படையெடுத்தார்கள். இதே அமைப்பு டெல்லியிலே லோதி காலனியில் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே சுவரோவியம் எழுதியது. லோதி காலனி அரசாங்க ஊழியர் குடியிருப்பு, தலைநகரத்தின் நடுவிலே இருப்பது. அங்கே வண்ணம் ஓர் அழகு. இங்கே?

"வயிற்றுக்குச் சோறில்லாதவன் சுவருக்குச் சாயமா?" என்று கேட்கிறார்கள் சிலர். நம் தோழர்களிலேயே பலர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. சோறு தின்கிற வரைக்கும் ஏழை எதையும் கண்ணால் பார்க்கக்கூடாதா? ஓவியம் என்றால் குளிர்சாதன மாளிகையில் கோட்டுப் போட்டவனுக்கு மட்டுந்தானா? ஆலைத் தொழிலாளி பாட்டுக் கேட்டான், நாடகம் பார்த்தான், நூல் நிலையம் வைத்தான். அவற்றால் அவன் நிமிர்ந்தானே தவிரக் குனியவில்லை. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கினார்கள், ஆகவே இளைஞர்கள் முகவரியை மறைத்தார்கள். ஊர் முழுவதும் அந்தப் பெயரைத் திருடர் குகை என்பதுபோல் உச்சரித்தது. அந்தப் பெயரை ஓவியத்தோடு சேர்த்து உச்சரிக்க வைத்தார்களே, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2025இல் பஹ்ரைனிலே நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது, அந்த அணியிலே கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி ஆடினாள். அன்றைக்கு ஊர்ப்பெயரை மறைக்கவில்லை, உரக்கச் சொன்னார்கள்! சுவரோவியம் தொடங்கிய வேலையை அந்தப் பெண்ணின் கால்கள் முடித்தன.

ஆனால், தோழர்களே, ஒரு கணக்கை மறக்கமாட்டேன். நகரத்தின் காட்சிக்கு இடைஞ்சல் என்று அப்புறப்படுத்தப்பட்டவர்கள் இவர்கள். அப்புறப்படுத்திய இடத்திலே வண்ணம் பூசி, இப்போது இவர்களையே காட்சியாக்கியிருக்கிறது அதே நகரம். ஆற்றங்கரையிலே இருந்தபோது உன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை; இருபது கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு உன்னைப் பார்க்கப் பேருந்து பிடித்து வருகிறேன் என்கிறது!

நானும் போய்ப் பார்த்தேன். அடையாற்றில் வீட்டுவேலை செய்யும் அம்மையார் ஒருவர், ஓவியத்தின் அடியிலே தண்ணீர்க் குடத்தோடு நின்றார். "படம் எப்படி அம்மா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் தம்பி இருக்கு. வாரவங்க போறவங்க எல்லாம் அதைப் பார்க்கிறாங்க. நான் எங்கே பார்க்கிறது? விடியுமுன்னே பஸ் ஏறினா, வீடு வந்து சேரும்போது இருட்டிப் போகுது. ஞாயித்துக்கிழமைதான் அதோட நிறமே தெரியும்" என்றார். வேலை அடையாற்றிலேயே நின்றுவிட்டது; வீடுதான் நகர்ந்தது. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. காசு மிஞ்சியது, மறுக்கவில்லை. நேரம்? அதைத் திருப்பித் தரும் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.

சுவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இருக்கிறது. மெக்சிகோ நாட்டிலே புரட்சிக்குப் பிறகு, 1920களில், அரசாங்கக் கட்டடச் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார்கள். தியாகோ ரிவேரா என்ற ஓவியன் கல்வி அமைச்சகத்தின் சுவர்களிலே உழவனையும் சுரங்கத் தொழிலாளியையும் எழுதினான். அவன் புகழ் கேட்டு நியூயார்க்கிலே ராக்பெல்லர் குடும்பத்தார் தங்கள் புதிய மாளிகைக்கு அழைத்தார்கள். அங்கே தொழிலாளர் நடுவிலே லெனின் முகத்தை எழுதினான். 'முகத்தை மாற்று' என்றார்கள். 'மாட்டேன்' என்றான். கூலியைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். 1934இல் சுவரையே கொத்திப் போட்டார்கள். மனம் தளராத அந்த மனிதன் அதே ஆண்டு மெக்சிகோவிலே வேறு சுவரில் அதைத் திரும்ப எழுதினான்! எழுதுகிற கை யாருடையதாக இருந்தாலும், சுவர்க்காரன் வைத்ததே சட்டம். அங்கே மாளிகைச் சுவர் முதலாளியுடையது. கண்ணகி நகர்ச் சுவர் அரசாங்கத்தினுடையது, அதாவது பொதுமக்களுடையது. அப்படியானால் என்ன எழுதவேண்டும் என்று அங்கே குடியிருப்பவனைக் கேட்டு எழுது! அவன் விட்டுவந்த ஆற்றங்கரையை எழுது, அவன் ஏறிவந்த லாரியை எழுது. அவன் பிள்ளைக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடு. சாரத்தின்மேல் ஏறுகிற கை அவன் வீட்டுக் கையாக இருக்கட்டும்.

2021இல் இந்திரா நகர் ரயில் நிலையத்திலே நம்மூர் முகங்களைப் பெரிது பெரிதாக எழுதினார்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் அதில் சரிசமமாக இருக்கிறார்கள். யார் எவர் என்று எவனாலும் சொல்ல முடியாது. ஓடுகிற ரயிலிலிருந்து ஒரு நொடி பார்க்கிறவனுக்குக்கூட அதன் நியாயம் உறைக்கும். அப்படி எழுத நம்மிடம் ஆள் உண்டு.

ஆளைப் பற்றிப் பேசும்போது நம் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இந்த ஊரின் சுவரோவியர்கள் யார்? சினிமா பதாகை எழுதியவர்கள், கட்சிச் சின்னம் எழுதியவர்கள், நம் மாநாட்டுக்கு எண்பதடி உருவம் வெட்டி நிறுத்தியவர்கள்! அச்சடித்த பிளெக்ஸ் வந்தது. அவர்கள் அடுப்பு அணைந்தது. 2010ஐ ஒட்டி அண்ணா சாலையிலே சுவரொட்டிக்குத் தடைபோட்டு, அதே பதாகைக் கலைஞர்களைக் கொண்டு சுவரெல்லாம் தமிழர் வாழ்வைத் தீட்டச் செய்தது மாநகராட்சி. நல்ல காரியம். அந்தச் சுவர்கள் என்னவாயின? நான் சொல்லவேண்டியதில்லை, பசைச் சட்டி தூக்குகிற தோழனே, உனக்கே தெரியும்! ஜல்லிக்கட்டுக் காளையின் முகத்தின்மேல் வட்டச் செயலாளரின் பிறந்தநாள் வாழ்த்து! நடனமாடும் பெண்ணின்மேல் நினைவஞ்சலி! பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1959ஆம் ஆண்டே வந்துவிட்டது. உழைப்பாளர் சிலையும் அந்தச் சட்டமும் ஒரே வயது. சிலையை மதிக்கத் தெரிந்த நாம் சட்டத்தை எங்கே வைத்திருக்கிறோம்? 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையிலே, கட்சிக்காரர் வீட்டுத் திருமணப் பதாகை சரிந்து விழுந்து, வண்டியில் போன இளம்பெண் லாரியின் அடியிலே மாண்டாள். எந்தக் கட்சிப் பதாகை என்று தேடிப்பார்த்து ஆறுதல் அடைகிறவன், அடையட்டும். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை.

ஆகவே, இன்றைக்கு மேம்பாலத் தூணெல்லாம் ஓவியம், பாலத்தடியெல்லாம் பூங்கா, பட்டணத்தைப் பார்ப்பதற்குரிய பட்டணமாக்குவோம் என்று கிளம்பியிருப்பவர்களுக்கு நான் தடை சொல்லவில்லை. எழுதுங்கள்! பதாகைக் கலைஞனுக்குக் கூலி கொடுத்து எழுதுங்கள். ஆனால், தூணுக்கு வண்ணம் பூசும்போது அதன் அடியிலே படுத்திருந்தவன் எங்கே போனான் என்ற கணக்கையும் அந்தக் கோப்பிலேயே எழுதிவையுங்கள். ஆற்றங்கரைக்குப் பூங்கா போடும்போது, அந்தக் கரையில் இருந்தவனுக்கு அவன் வேலைசெய்யும் வட்டாரத்திலேயே மாடிவீடு என்ற பழைய வழியை எடுத்துப் பாருங்கள். கண்ணகி நகருக்குப் போய்ப் படம் எடுக்கிற தம்பிகளே, சுவரைப் படம் எடு. வாசற்படியிலே உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேட்காமல் எடுக்காதே. அது அவர் வீடு.

மே முதல் நாள் உழைப்பாளர் சிலைக்கு மாலை போட நம் தோழர்கள் வருவார்கள். போடட்டும். போட்டு முடித்ததும் அங்கிருந்தே கண்ணகி நகருக்குக் கிளம்புங்கள். கொடி கட்டிய கார் வேண்டாம். பேருந்தில் போங்கள், நின்றுகொண்டே போங்கள். ஏறும்போது மணி என்ன, இறங்கும்போது மணி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பசைச் சட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.